சா.மு. மாத்திரை பிறந்த கதை

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துப் பழுப்புக் கவரில் போட்டு, மேலே பேனாவால் 1-0-0 என்று எழுதித் தருவார்கள். சில கவர்களில் பக்கத்திலேயே ‘சா.மு.’ என்றும் இருக்கும். சாப்பாட்டுக்கு முன். பெரும்பாலும் அது ‘கேஸ் மாத்திரை’தான். மூட்டுவலிக்குச் சீட்டு வாங்கினாலும் சளிக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கினாலும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் அந்தக் குடும்பத்தின் மூத்தவர் பெயர் ஒமிப்ரசோல். இப்போது கடைகளில் அதிகம் புழங்குவது தம்பிகளான பேன்டோப்ரசோலும் ரபிப்ரசோலும். சின்ன வயதில் அந்தக் கேப்சூலை இரண்டாகப் பிரித்து, உள்ளே இருக்கும் குருணையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துத் திட்டு வாங்கியவன் நான். அந்தக் குருணைக்கும் ஒரு காரணம் உண்டு, ‘சா.மு.’வுக்கும் ஒரு காரணம் உண்டு என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

பெரும்பாலான மருந்துகள் திண்ணையில் உட்கார்ந்து எழுந்து போகிற விருந்தாளி மாதிரி. உரிய புரதத்தில் போய் உட்காரும், கொஞ்ச நேரம் இருக்கும், எழுந்துவிடும். இரத்தத்தில் மருந்து குறையக் குறையத் திண்ணை காலியாகும். ஒமிப்ரசோல் அந்த ரகம் கிடையாது. இரத்தத்தில் அதன் அளவு சுமார் ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலையில் விழுங்கியதை இரவில் இரத்தத்தில் தேடினால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் வயிற்றின் அமிலம் மறுநாளும் அடங்கியே கிடக்கும். மருந்து தன் இலக்கோடு சகப்பிணைப்பு போட்டுக்கொள்வதுதான் காரணம். பள்ளி வேதியியலில் படித்த அதே சகப்பிணைப்பு, இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொள்வது. மற்ற மருந்துகள் கயிற்றால் கட்டுகின்றன என்றால் இது வெல்டிங் வைக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த மருந்தைத் தேடிப் புறப்பட்டவர்களுக்கு வெல்டிங் வைக்கும் எண்ணமே கிடையாது. அவர்கள் தேடியது மரத்துப்போகச் செய்யும் மருந்தை.

ஸ்வீடனின் மேற்குக் கரையில், கோத்தன்பர்க் நகரை ஒட்டிய மோல்ன்டாலில், ஹெஸ்லே என்றொரு மருந்து நிறுவனம் இருந்தது. ஆஸ்ட்ரா என்ற பெரிய நிறுவனத்தின் கிளை அது. (பின்னாளில் கோவிட் தடுப்பூசியால் நம் தெருவரைக்கும் பெயர் வந்து சேர்ந்த ஆஸ்ட்ராசெனகாவின் முன்பாதி இந்த ஆஸ்ட்ராதான்.) பல் பிடுங்கும் முன் ஈறில் போடும் லிடோகெய்ன் ஊசிமருந்து ஆஸ்ட்ராவின் சொத்து. 1960களின் பின்பாதியில் ஹெஸ்லேயில் ஒரு யோசனை பிறந்தது. இரைப்பையின் அடிப்பகுதியிலிருந்து கேஸ்ட்ரின் என்ற ஹார்மோன் சுரந்துதான் அமிலத்தைத் தூண்டுகிறது. அந்த இடத்தை லிடோகெய்ன் பாணியில் மரத்துப்போகச் செய்துவிட்டால் கேஸ்ட்ரின் வராது, அமிலமும் வராது, அல்சர் ஆறிவிடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எச் 81/75 என்று எண்ணிட்ட ஒரு பொருள் எலிகளின் அமிலத்தை அழகாக அடக்கியது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சில ஆண்டு உழைப்பு அதோடு போயிற்று.

அன்றைக்கு அல்சர் என்பது சில்லறை நோயில்லை. பால், மோர், காரமில்லாச் சோறு என்று பத்தியம் இருப்பார்கள். மருந்துக் கடையில் பெரும்பாலும் கிடைத்தது சுரந்த அமிலத்தைச் சமன்செய்யும் வெள்ளைக் குழம்பு. அதற்கும் மசியாவிட்டால் கத்தி. இரைப்பையில் பாதியை வெட்டி எடுப்பார்கள், இல்லையென்றால் அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பை அறுப்பார்கள்.

1972இல் ஹெஸ்லே குழு மறுபடி தொடங்கியது. எலியை நம்பி ஏமாந்ததால் இந்தமுறை நாய்களில் சோதனை. கோத்தன்பர்க்கின் அறுவை மருத்துவர் லார்ஸ் ஓல்பே ஆலோசனை சொன்னார். பிரான்சின் செர்வியே நிறுவனத்திடம் இருந்த சிஎம்என் 131 என்ற பொருளுக்கு அமிலத்தை அடக்கும் குணம் இருப்பது கண்ணில் பட்டது. ஆனால் அது நஞ்சு. கந்தகம் அடங்கிய ஒரு பகுதிமேல் சந்தேகம் விழுந்தது. வேதியியலாளர்கள் அந்தக் கந்தகத்தைத் தனியே துருத்திக்கொண்டு நிற்க விடாமல் இரண்டு வளையங்களுக்கு நடுவே பாலமாக வைத்துக் கட்டினார்கள். ஒரு பக்கம் பிரிடின் வளையம், இன்னொரு பக்கம் பென்சிமிடசோல், இடையில் கந்தகம். 1973இல் எச் 124/26 பிறந்தது. நாயின் அமிலம் அடங்கியது.

குழந்தை பிறந்த கையோடு வழக்கு வந்த மாதிரி, அந்தப் பொருள் ஏற்கெனவே ஒரு ஹங்கேரி நிறுவனத்தின் காப்புரிமையில் இருப்பது தெரிந்தது. அவர்கள் அதைக் காசநோய்க்கென்று பதிந்து வைத்திருந்தார்கள். இங்கேதான் கதை திரும்புகிறது. எச் 124/26 உடம்புக்குள் போனதும் கந்தகத்தின் தலையில் ஓர் ஆக்சிஜன் அணு ஏறிச் சல்பாக்சைடு ஆகிவிடுகிறது. அப்படி ஆனது இன்னும் வீரியமாக வேலை செய்தது, ஹங்கேரிக் காப்புரிமையிலும் அது அடங்கவில்லை. எச் 83/69 என்று எண்ணிட்டார்கள், டிமோப்ரசோல் என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகம் விழுங்கும் எல்லா ‘ப்ரசோல்’களின் முதுகெலும்பும் அதுதான். அந்த ஒற்றை ஆக்சிஜன்தான் மொத்த வித்தையையும் நடத்துகிறது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. காப்புரிமைச் சிக்கலிலிருந்து தப்பிக்கப் போய்க் கிடைத்த ஆக்சிஜன் அது. ஹங்கேரிக்காரர்கள் குறுக்கே நிற்காமல் போயிருந்தால் அந்தப் பக்கம் இவர்கள் இவ்வளவு சீக்கிரம் திரும்பியிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

டிமோப்ரசோலுக்கும் ஆயுசு நீளவில்லை. நீண்ட நாள் கொடுத்த விலங்குகளுக்குத் தைராய்டு வீங்கியது, தைமஸ் சுருங்கியது. தைராய்டு அயோடினை இழுக்க விடாமல் இது தடுக்கிறது என்று கண்டுபிடித்து, வளையங்களில் அங்கங்கே சின்னச் சின்ன ஒட்டு வைத்து, அந்தக் குணம் இல்லாத பிகோப்ரசோலைச் செய்தார்கள். அதற்கும் ஒரு கண்டம் வந்தது. சோதனை நாய்களின் இரத்தக் குழாய்கள் அழன்று புண்ணாயின. திட்டத்தை மூடிவிட வேண்டியதுதான் என்ற நிலையில், மருந்தே கொடுக்காத ஒரு நாய்க்கும் அதே அழற்சி இருப்பதை யாரோ கவனித்தார்கள். பூர்வீகத்தைத் துருவினால் நோய் கண்ட நாய்களில் ஏறக்குறைய எல்லாமே ஒரே ஆண் நாயின் வாரிசுகள். பூச்சிமருந்து கொடுத்ததையொட்டி அந்த வம்சத்துக்கு வந்த கோளாறாக இருக்க வேண்டும் என்று முடிவானது. வேறு வம்சத்து நாய்களில் சோதித்தபோது ஒன்றும் வரவில்லை. மருந்து பிழைத்தது.

இத்தனை நடந்தும், இந்தப் பொருள் இரைப்பையில் எதைப் பிடிக்கிறது என்பது மர்மமாகவே இருந்தது. அமிலம் சுரக்கும் பரைட்டல் செல்லுக்கு ஆணையிட ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், கேஸ்ட்ரின் என்று மூன்று தூதர்கள் உண்டு. ஹிஸ்டமினின் வாசலை ஜேம்ஸ் பிளாக் என்பவர் இங்கிலாந்தில் அடைத்துக் காட்டினார். அப்படி வந்த சிமெடிடின் 1976இல் சந்தைக்கு வந்து அல்சர் வைத்தியத்தையே புரட்டிப்போட்டது. ஆனால் ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு வாசல் வழியே ஆணை வரத்தான் செய்யும். தவிர சிமெடிடின் திண்ணை விருந்தாளி ரகம். நாளுக்குப் பலமுறை விழுங்க வேண்டியிருந்தது. ஹெஸ்லேயின் பொருளோ தூதர் யாராக இருந்தாலும் அமிலத்தை அடக்கியது. அப்படியென்றால் மூன்று பாதைகளும் போய்ச் சேரும் கடைசி மதகை அது பிடித்திருக்க வேண்டும்.

அந்த மதகு அப்போதுதான் அடையாளம் தெரிந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சாக்ஸ் குழுவினர் பரைட்டல் செல்லில் ஒரு பம்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஏடிபி என்ற எரிபொருளைச் செலவழித்து, ஒரு பொட்டாசியம் அயனியை உள்ளே இழுத்து ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிற புரதம் அது. இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் ஹைட்ரஜன் அயனியை ஒரு மூலையில் குவித்து வைக்கும் ராட்சச பம்பு. 1977இல் ஸ்வீடனின் உப்சாலாவில் நடந்த கூட்டத்தில் ஒரு செய்தி வெளியானது: பம்பு இருக்கும் சவ்வுக்கு எதிராகத் தயாரித்த எதிர்ப்பொருள்கள் இரைப்பையில் ஒட்டின, கொஞ்சம் தைராய்டிலும் ஒட்டின. டிமோப்ரசோல் தைராய்டை வீங்க வைத்ததைப் பார்த்தவர்களுக்கு அதைக் கேட்டதும் பொறி தட்டியிருக்கும். இரு தரப்பும் கைகோத்தன. 1981இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கட்டுரை, பென்சிமிடசோல்கள் அந்தப் பம்பைத்தான் நிறுத்துகின்றன என்று உறுதி செய்தது.

இதற்கிடையே, 1979இல், பிரிடின் வளையத்தில் ஒரு மெத்தாக்ஸியும் இரண்டு மெத்தில்களும் வைத்த எச் 168/68 பிறந்துவிட்டது. அதுதான் ஒமிப்ரசோல்.

இனி அந்த வெல்டிங் வித்தையைப் பார்ப்போம், எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் அது. விழுங்கிய ஒமிப்ரசோல் நேராக வயிற்றில் வேலை செய்வதில்லை. குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் கலந்து, சுற்றிவந்து பின்வாசல் வழியாகத்தான் பரைட்டல் செல்லுக்குப் போகிறது. இரத்தத்தில் அது சாது. மின்சுமை இல்லை, எதையும் சீண்டாது, சவ்வுகளைத் தாண்டி எங்கும் போய்வரும். பரைட்டல் செல்லுக்குள் அமிலம் ஒழுகும் நுண்ணிய வாய்க்கால் ஒன்று உண்டு. அங்கே நுழைந்ததும் பிரிடின் வளையம் ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கவ்விக்கொள்கிறது, மின்சுமை ஏறுகிறது. சுமை ஏறியது சவ்வைத் தாண்டித் திரும்ப முடியாது. வயல் வாய்க்காலில் மீனுக்கு வைக்கும் பறியைப் போலத்தான். உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி இல்லை. இப்படியே சேர்ந்து சேர்ந்து, இரத்தத்தில் இருப்பதைப்போல் ஆயிரம் மடங்கு அளவுக்கு அங்கே குவிந்துவிடும்.

குவிந்ததை அமிலம் மேலும் புரட்டுகிறது. மூலக்கூறு தன்னைத்தானே மடித்துக்கொள்ள, கந்தகத்தின் தலையில் இருந்த அந்த ஆக்சிஜன் கழன்று நீராகிப் போகிறது. மிஞ்சும் சல்பெனமைடு என்ற புது உருவம் பசியோடு அலையும் கந்தகம். பம்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் 813ஆம் இடத்தில் இருக்கும் சிஸ்டீனில் இன்னொரு கந்தகம் வாய்க்காலைப் பார்த்தபடி நிற்கிறது. கந்தகமும் கந்தகமும் கைகோக்கின்றன. டைசல்பைடு என்ற சகப்பிணைப்பு விழுகிறது, பம்பு நிற்கிறது. சுருட்டை முடியைச் சுருட்டையாக வைத்திருப்பதும் இதே கந்தகக் கைகோப்புதான். அழகு நிலையத்தில் ‘ரீபாண்டிங்’ என்று சொல்லி வேதிப்பொருள் தடவி உடைப்பதும் திரும்பக் கட்டுவதும் இதைத்தான்.

அதாவது மருந்தைப் பூட்டாக அடித்துக் கொடுப்பதே பம்பு கக்கிய அமிலம்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது. அமிலம் இல்லாத இடத்தில் இந்த மருந்து விழித்துக்கொள்வதே இல்லை. ‘சா.மு.’வின் சூட்சுமமும் இதற்குள் இருக்கிறது. வயிறு சும்மா இருக்கும்போது பம்புகளில் பெரும்பகுதி செல்லுக்குள் சுருண்டு தூங்கும். சாப்பாடு வந்ததும்தான் வாய்க்கால் கரைக்கு வந்து அமிலம் இறைக்கும். இறைக்கும் பம்பைத்தான் மருந்தால் பிடிக்க முடியும். மருந்துக்கோ இரத்தத்தில் ஆயுள் கொஞ்ச நேரம். ஆகவே பம்புகள் எழும் நேரமும் மருந்து வந்து சேரும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும், அதற்குத்தான் அரை மணி முன்னால். சாப்பிட்டுவிட்டு ஞாபகம் வந்து போட்டுக்கொள்கிறவர்கள் மருந்தின் பலனில் ஒரு பகுதியை வீணடிக்கிறார்கள். முதல் நாள் தப்பித் தூங்கிய பம்புகள் அடுத்தடுத்த நாளில் பிடிபடும். முழுப் பலன் தெரிய நாலைந்து நாள் ஆவதும் இதனால்தான். மாத்திரையை நிறுத்தினாலும் உடனே பழைய அமிலம் வராது. குளுட்டாதயோன் போன்ற உடம்பின் சொந்தப் பொருள்கள் சில பூட்டுகளை அறுத்துவிடும், மற்றவற்றுக்கு ஈடாகச் செல் புதிதாகப் பம்பு செய்துகொள்ள வேண்டும்.

இப்படிப் புரதத்தோடு வெல்டிங் வைக்கும் மருந்துகள் என்றால் மருந்துலகம் நடுங்கிய காலம் அது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பிராடி, கில்லெட் முதலானோர் 1973இல் வெளியிட்ட ஆய்வுகள், பாரசிட்டமால் அளவுமீறினால் ஏன் ஈரல் சாகிறது என்று காட்டின. அதன் சிதைபொருள் ஒன்று ஈரலின் புரதங்களோடு சகப்பிணைப்பு போட்டுக்கொள்கிறது. பென்சிலின் சிலருக்கு உயிர்போகும் ஒவ்வாமையைக் கொடுப்பதும், அது இரத்தப் புரதங்களில் அப்படி ஒட்டிக்கொண்டு உடம்பின் கண்ணுக்கு அந்நியனாகத் தெரிவதால்தான். ஆகவே சகப்பிணைப்பு போடும் பொருள் என்றாலே ஆய்வகத்தில் ஓரங்கட்டிவிடுவது எழுதாத சட்டமாயிற்று. நல்லவேளையாக ஒமிப்ரசோலின் வெல்டிங் விவரம் முழுசாகத் தெளிவானபோது 1980களின் நடுப்பகுதி ஆகிவிட்டது, மருந்து மனிதர்கள் வரை போய்விட்டிருந்தது. அறியாமையும் சில நேரம் உதவும். இந்த விஷயத்தில் ஒமிப்ரசோலுக்கு மூத்தவர்களும் உண்டு. 1897இல் தயாரான ஆஸ்பிரின் தன் நொதியில் ஓர் அசிட்டைல் துண்டை நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது என்பது 1975இல்தான் தெரிந்தது. பாக்டீரியா சுவர் கட்டும் நொதியில் பென்சிலின் போய் ஒட்டிக்கொள்கிறது என்பதும் கோடிக்கணக்கானோர் அதைப் போட்டுக்கொண்ட பிறகு வந்த சேதிதான்.

1984இல் கடைசிக் கண்டம். வாழ்நாள் முழுக்க அதிக அளவில் ஒமிப்ரசோல் கொடுத்த எலிகளின் இரைப்பையில் கார்சினாய்டு என்ற கட்டிகள் வந்தன. மனிதச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. காரணத்தைத் தேடியபோது, திட்டத்தின் தொடக்கத்தில் மரத்துப்போகச் செய்ய நினைத்தார்களே, அதே கேஸ்ட்ரின் எதிரே வந்து நின்றது. அமிலம் அடியோடு நின்றுவிட்டால் உடம்பு பதறிப்போய்க் கேஸ்ட்ரினை அள்ளிக் கொட்டுகிறது, அது சில செல்களை ஓயாமல் தூண்டி வளர்க்கிறது. கேஸ்ட்ரின் சுரக்கும் பகுதியை முன்கூட்டியே வெட்டியெடுத்த எலிகளுக்கு மருந்து கொடுத்தும் அந்தச் செல்கள் பெருகவில்லை. குற்றவாளி மருந்து மூலக்கூறு அல்ல, அடங்கிப்போன அமிலம் என்று தெளிவான பின் சோதனைகள் தொடர்ந்தன.

கடைசித் தலைவலி மாத்திரை செய்பவர்களுக்கு. அமிலத்தில் விழித்துக்கொள்ளும் பொருளை வாய்வழி கொடுத்தால் வயிற்றிலேயே விழித்து வீணாகிவிடும். எனவே அமிலத்தில் கரையாத பூச்சு பூசிய குருணைகள். ஆனால் அந்தப் பூச்சுப் பொருளே கொஞ்சம் அமிலத்தன்மை உடையது, உள்ளிருக்கும் மருந்தை அரித்தது. மருந்துக்கும் பூச்சுக்கும் நடுவே இன்னொரு மெல்லிய உறை வைத்தார்கள். நான் சின்ன வயதில் கொட்டிப் பார்த்த ஒவ்வொரு குருணையும் இப்படி அடுக்கடுக்காய் உடுத்தியிருந்தது என்பது இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

1988இல் லோசெக் என்ற பெயரில் ஸ்வீடனில் விற்பனைக்கு வந்தது. மறுவருடம் அமெரிக்காவில். அங்கே மருத்துவர்களின் கிறுக்கலில் லோசெக்கும், சிறுநீர் போக வைக்கும் லேசிக்ஸும் ஒன்றுபோல் தெரிந்து குழப்பம் வந்ததால் 1990இல் ப்ரைலோசெக் என்று பெயர் மாறியது. 1990களின் பிற்பகுதியில் உலகில் மிக அதிகம் விற்ற மருந்து அதுதான். அல்சருக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் காரணம் என்று ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் நிறுவிய பின், ஆன்டிபயாட்டிக்குகளுக்குத் துணையாகவும் இதுவே போனது. அன்றைய இந்தியச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டுமே தந்தது. அதனால் 1990களின் தொடக்கத்திலேயே ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் இதை ‘ஓமெஸ்’ என்று மலிவாகக் கொண்டுவந்தது. இங்கே இது இத்தனை சகஜமானதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். கொஞ்சம் அதிகமாகவே சகஜமாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

ஒமிப்ரசோலின் காப்புரிமை முடியும் தறுவாயில் ஆஸ்ட்ராசெனகா எசோமிப்ரசோலைப் பெற்றெடுத்தது. ஒமிப்ரசோலில் இடக்கை, வலக்கை என இரு கண்ணாடிப் பிம்பங்கள் பாதிப் பாதி இருக்கும். ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தது இது. வாய்க்காலுக்குள் போய் அமிலம் புரட்டியதும் இரண்டும் ஒரே சல்பெனமைடாகிவிடும், கைவித்தியாசமே மிஞ்சாது. ஈரல் இதைக் கொஞ்சம் மெதுவாகச் சிதைப்பதால் கூடுதலாகப் போய்ச் சேருகிறது என்பதுதான் ஆதாயம். அந்த ஆதாயம் அத்தனை விலைக்குத் தகுமா என்று பெரிய சண்டையே நடந்தது.

தெரியாமல் செய்த வெல்டிங்கைத் தெரிந்தே செய்யலாம் என்ற துணிச்சல் பிறகுதான் வந்தது. புற்றுநோய்ப் புரதங்களில் ஒதுங்கி நிற்கும் ஒரு சிஸ்டீனைக் குறிபார்த்து வடிவமைத்த அஃபடினிப்பும் இப்ருடினிப்பும் 2013இல் அனுமதி பெற்றன. பிடிக்கவே முடியாது என்று கைவிட்டிருந்த கேராஸ் புரதத்தின் ஒரு திரிபை, அதன் 12ஆம் இடத்துச் சிஸ்டீனில் ஒட்டி நிறுத்துகிற சோடோராசிப் 2021இல்.

இரைப்பைப் பம்பின் கதையோ எதிர்த்திசையில் போகிறது. ஜப்பானில் 2014இல் அனுமதி பெற்ற வோனோப்ரசான் அதே பம்பைத்தான் நிறுத்துகிறது, ஆனால் சகப்பிணைப்பு இல்லாமல். பொட்டாசியம் உட்காரும் இடத்தருகே போய் உட்கார்ந்து மறிக்கிறது. திண்ணை விருந்தாளி ரகம்தான், எழுந்து போக மட்டும் வெகுநேரம் எடுத்துக்கொள்ளும் விருந்தாளி. விழித்தெழ அதற்கு அமிலம் வேண்டாம், பம்புகள் கரையேறும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அந்தக் கவரில் 1-0-0 மட்டும் எழுதினால் போதும்.